38,000 ரிங்கிட் பெறும் காருக்கு 14,000 ரிங்கிட்டில் கியர்பெட்டி: செய்வதா, விற்பதா?

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். கார் 2013-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜெர்மன் செடான். ஆறு சிலிண்டர், டர்போ, 2,979 சிசி, எட்டு வேக ஆட்டோ கியர். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எழுதினால் எந்த நிறுவனம் உயர்ந்தது என்ற சண்டையிலேயே இழை முடிந்துவிடும். புதிதாக இருந்தபோது ஏறக்குறைய ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்கு விற்ற கார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செபராங் பிறையில் உள்ள ஒரு பழைய கார் விற்பனையகத்தில், மூன்றாவது உரிமையாளராக, 52,000 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். இன்று விற்றால் 38,000 வரும் என்கிறார்கள்.

இதுவரை செய்த பெரிய வேலைகள்: கூலண்ட் தொட்டி, தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்பு மூன்றும் சேர்த்து 3,900. பின்பக்க சஸ்பென்ஷனைத் தாங்கும் காற்றுப்பைகள் இரண்டு 2,400. இயந்திர எண்ணெய்க் கசிவுக்கு 1,600.

இப்போது கியர் உதைக்கிறது. காலையில் ஒன்றும் தெரிவதில்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, சமிக்ஞை விளக்கில் நிறுத்தப் போகும்போது, இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் இடத்தில் ஒரு தள்ளு தள்ளுகிறது. பின்னிருக்கையில் இருப்பவர் முன்னால் சாய்ந்துவிடுகிறார். ஈப்போவில் ஒரு பட்டறையில் காட்டினேன். பெட்டியையே மாற்ற வேண்டும், பழுதுபார்த்த பெட்டி 14,000 ரிங்கிட் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள்.

என் தந்தை ஜாலான் லிந்தாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று தோட்டத்துத் துரையின் காரைப் பார்த்த மனிதர். இன்று அதே நிறுவனத்தின் காரில் முன்னிருக்கையில் அமர்ந்து குனோங் சீரோவுக்குத் தைப்பூசம் பார்க்கப் போகிறார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் சேர்த்தே பதில் சொல்லுங்கள்.

மைவி ஓட்டுநர் (பாரிட் புந்தார்)

விற்றுவிடுங்கள் அண்ணா. உங்கள் 2,979 சிசிக்குச் சாலை வரி மட்டும் ஆண்டுக்கு 2,077 ரிங்கிட் 50 சென். என் ஒன்று புள்ளி ஐந்து லிட்டர் மைவி காருக்கு 90 ரிங்கிட். வண்டி ஓடாமல் நின்றாலும் வரி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஈப்போ போமன் (மெங்லெம்பு)

பெட்டியை மாற்றச் சொன்னவர் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டாரா? எண்ணெயின் நிறத்தையாவது பார்த்தாரா? அடித்தட்டைக் கழற்றி இரும்புத்தூள் இருக்கிறதா என்று சோதித்தாரா? இவற்றில் எதுவும் செய்யாமல் ஒருவர் 14,000 என்று வாய் திறந்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஐரோப்பியக் கார்களையே பழுதுபார்த்துப் பிழைக்கும் போமன் (மெக்கானிக்) நான். இந்தத் தொழிலின் பெயர் கெடுவது இப்படித்தான்.

பல ஐரோப்பியக் கார்களில் இருப்பது இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு வேகப் பெட்டி. உங்களுடையதும் அதுவாகவே இருக்கலாம். கார் நிறுவனங்கள் சில, இந்தப் பெட்டியின் எண்ணெயை மாற்றவே வேண்டியதில்லை என்று சொல்லி வந்தன. பெட்டியைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. உத்தரவாதக் காலம் முழுவதும் அந்த முதல் எண்ணெய் தாங்கிவிடும். அது கெட்டுப்போனது வெளியே தெரிவது இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரின் கையில். நீங்கள் மூன்றாவது.

சூடானால் உதைக்கிறது, குளிரில் உதைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய எண்ணெய் சூட்டில் மேலும் மெலிந்துவிடும். அல்லது எங்கோ கசிந்து அளவு குறைந்திருக்கும். பெட்டியைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பகுதிக்கு மின்கம்பிகள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது; நாளானால் அங்கேயிருந்துதான் கசியத் தொடங்கும். வளையத்தின் விலை சொற்பம். அதைப் பார்க்காமல் விட்டால் வரும் செலவு பெரிது.

எண்ணெய் மாற்றுவதும் கண்ட இடத்தில் செய்கிற வேலை அல்ல. அடித்தட்டு பிளாஸ்டிக்கால் ஆனது. வடிகட்டி அதனுள்ளேயே பதிந்திருப்பதால் தட்டையே மாற்ற வேண்டும். கார் சமதளத்தில் நிற்க, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெயின் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். அதிகம் சூடான பிறகு பார்த்தால் எண்ணெய் விரிந்து நிறைந்ததுபோல் தெரியும். உள்ளே குறைவாகவே இருக்கும். பிறகு ஸ்கேனரில் பெட்டி கற்று வைத்திருக்கும் பழைய அளவீடுகளை அழித்து, புதிதாகக் கற்கவிட வேண்டும். நல்ல எண்ணெய், தட்டு, வளையம், கூலி எல்லாம் சேர்த்து 1,800 முதல் 2,300 ரிங்கிட்டுக்குள் முடியும். இதைச் செய்து பார்க்காமல் பெட்டியை மாற்றும் பேச்சே வேண்டாம்.

இன்னும் ஒன்று. கூலண்ட் வேலை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். மற்றக் குழாய்களையும் மாற்றினீர்களா? எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இந்த வகை இயந்திரங்களை 100 டிகிரிக்கு மேலும் ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். கூலண்ட் போகும் வழியில் தொட்டியும் இணைப்புக் குழாயும் தெர்மோஸ்டாட்டின் உறையும் பிளாஸ்டிக். நம் ஊர் வெயிலில் பத்து ஆண்டுகள் வெந்த பிளாஸ்டிக்கை விரலால் அழுத்தினால் பொடிந்துபோகும். ஒன்றை மாற்றினால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தை உடைக்கும். பெல்ட்டில் ஓடும் பம்பு கெடும் முன் முனகும். மின்சாரத்தில் ஓடும் பம்பு முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். ஈப்போவிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு ஏறுகிறீர்களே, அந்தச் சரிவில் வெப்ப எச்சரிக்கை வந்தால் சுரங்கத்தைத் தாண்டி நிறுத்தலாம் என்று ஓட்டாதீர்கள். பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். அலுமினியச் சிலிண்டர் தலை வளைந்துவிட்டால் கியர்பெட்டியைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இருக்காது.

மூன்று விவரம் வேண்டும். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர்? பழைய பராமரிப்புப் பதிவு இருக்கிறதா? உதைக்கும்போது இயந்திரச் சுழற்சி தானாக ஏறுகிறதா?

பால்மரத்தான்

நன்றி ஐயா. மீட்டரில் 138,000. முதல் ஐந்து ஆண்டுக்கான பதிவுப் புத்தகம் இருக்கிறது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. கியர் எண்ணெய் மாற்றியதாக எங்கேயும் குறிப்பு இல்லை. சுழற்சி ஏறவில்லை, வெறும் தள்ளு மட்டும்தான்.

ஈப்போ போமன்

சுழற்சி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்கவில்லை. நல்ல செய்தி. கொண்டுவாருங்கள். அதுவரை நெரிசலில் அதிகம் ஓட்டாதீர்கள்.

வழியில் நின்றுவிட்டால் தட்டையான மேடை உள்ள இழுவை லாரியை அழையுங்கள். ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள ஆட்டோ காரை இழுத்துவரக் கூடாது. பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாமல் உலோகம் உலோகத்தோடு உரசும்.

கொக்கோகொலனிக்காரர் (சுங்கை சிப்புட்)

எங்கள் ஊரிலேயே இருக்கும் சீனப் பட்டறைக்காரரிடம் காட்டலாமே? பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் கெடாய் பொத்தோங்கில், ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டி 5,000-க்குக் கிடைக்கிறது என்கிறார்.

ஈப்போ போமன்

கிடைக்கும். ஆனால் அந்தப் பெட்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அதில் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. சில மாடல்களில் பெட்டியின் கணினி பழைய காரோடு பூட்டப்பட்டிருக்கும். திறந்து எழுதத் தெரிந்தவர் வேண்டும். இரும்பு உதிரிப்பாகங்களுக்கு கெடாய் பொத்தோங் போங்கள். கதவு, பம்பர், இருக்கை, சஸ்பென்ஷன் கை, எல்லாம் நல்லது. கணினி உள்ள பொருளுக்கு யோசித்துப் போங்கள்.

ஆசிரியை அக்கா (கோலகங்சார்)

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். தந்தை இருக்கிறார், துரை இருக்கிறார், போமன் இருக்கிறார். உங்கள் மனைவி எங்கே?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் ஐரோப்பிய வண்டி ஒன்று நின்றது. என் கணவர் அதைத் துடைத்து வைப்பதைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்ல மனம் வராது. நல்ல மனிதர், குடிப்பதில்லை, சூதாடுவதில்லை, அந்த வண்டி ஒன்றுதான் அவருக்கு ஆசை. ஆனால் பட்டறையிலிருந்து தொலைபேசி வந்தால் வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்துவோம். பெரிய மகளின் டியூஷன் நின்றது முதலில். பிறகு என் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. எதற்கும் அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே கழற்றிக் கொடுத்தேன், ஏனென்றால் அதுவரை செலவழித்த பணம் வீணாகிவிடக் கூடாது என்று எனக்கும் தோன்றியது. அந்த வண்டிகள் குடும்பத்தைப் பிடித்து வைப்பது அந்த எண்ணத்தால்தான். மூவாயிரம் போட்டாகிவிட்டது, இன்னும் ஆயிரம் போட்டால் சரியாகிவிடும். ஆயிரம் போட்ட பிறகு, இனி இரண்டாயிரம்.

தந்தையை முன்னிருக்கையில் உட்காரவைப்பது பெரிய காரியம், மறுக்கவில்லை. உங்கள் மனைவி எதில் போகிறார், எதில் வருகிறார் என்று எழுதுங்கள்.

பால்மரத்தான்

அக்கா, அவள் கிளினிக்கில் வேலை செய்கிறாள். பழைய புரோட்டோன் சாகா கார் ஒன்று வைத்திருக்கிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போவது, சந்தைக்குப் போவது, அப்பாவை ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டுபோவது எல்லாம் சாகாவில்தான். என் கார் பட்டறையில் இருக்கும் நாட்களில் நானும் அதில்தான் போகிறேன். ‘அப்பாவுக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், அப்பா சாகாவிலும் நிம்மதியாகத்தான் தூங்கிக்கொண்டு வருகிறார்’ என்று நேற்று சொன்னாள். பதில் சொல்ல எனக்குச் சொல் வரவில்லை.

செம்பனை லாரி (ஆயர் தாவார்)

எல்லாரும் விற்கச் சொல்கிறீர்கள். நான் மாற்றிச் சொல்கிறேன்.

நான் பிறந்தது லயத்தில். துரை பங்களாவுக்குப் போகும் சாலையில் எங்களுக்கு நடக்கவே பயம். தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணியின் கார் வந்தால் என் தாத்தா சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நிற்பார். இவனுக்கு இது போதும், இதற்கு மேல் ஆசைப்படாதே என்று எத்தனை பேர் எத்தனை தலைமுறையாகச் சொல்லியிருக்கிறார்கள்? தோட்டம் துண்டாடப்பட்டபோதும் அதையே சொன்னார்கள், வீடு கேட்டபோதும் அதையே சொன்னார்கள். ஒருவன் உழைத்துச் சம்பாதித்து நல்ல காரில் ஏறினால், அது பழையதாக இருந்தாலும், முதுகு நிமிர்கிறது. அந்த நிமிர்வுக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்க அவனுக்கு உரிமையும் உண்டு.

லாரிக்காரனாக ஒரு வழி சொல்கிறேன் தம்பி. மாதம் 500 ரிங்கிட் தனியாக எடுத்து வையுங்கள். வண்டி கெட்டாலும் கெடாவிட்டாலும் எடுத்து வையுங்கள். நாங்கள் டயருக்கு அப்படித்தான் செய்கிறோம். அந்தப் பணத்துக்குள் முடிந்தால் வண்டி உங்களுடையது. அதைத் தாண்டினால் வண்டிக்கு நீங்கள் வேலை செய்கிறீர்கள், அன்றைக்கு விற்றுவிடுங்கள்.

ஓய்வு பெற்ற கிராணி (சுங்கை சிப்புட்)

லாரித் தம்பியின் மனத்தை மதிக்கிறேன். அவர் தாத்தா சைக்கிளிலிருந்து இறங்கி நின்றதைப் படித்தபோது எனக்கு வலித்தது. நான் கிராணியாக இருந்தவன். ஆனாலும் காகிதத்தில் எண்ணை எழுதிப் பார்க்காமல் பேசுவது எனக்கு வராது.

இரண்டு ஆண்டில் விலை இறக்கம் 14,000. பெரிய வேலைகள் 7,900. சாலை வரி இரண்டு முறை 4,155. மொத்தம் 26,055 ரிங்கிட். 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,085. இதில் பெட்ரோல் இல்லை, காப்புறுதி இல்லை, டயர் இல்லை, சாதாரண எண்ணெய் மாற்றம் இல்லை. கியர்பெட்டியும் இன்னும் வரவில்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். வெட்டுமரத்திலோ செம்பனையிலோ நாள் முழுவதும் உழைக்கும் ஒருவரின் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒரு கார் நம் வாசலில் நிற்பதற்கே போகிறது.

மாதம் 500 எடுத்துவைக்கச் சொன்னீர்கள். ஆண்டுக்கு 6,000. இந்தக் காரின் சாலை வரி அதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

பலருக்கும் புரியாத இடம் ஒன்று உண்டு. ஐந்து லட்சம் ரிங்கிட் கார் இன்று 38,000-க்கு வந்துவிட்டது. அதன் உதிரிப்பாகம் அப்படி இறங்கவில்லை. காற்றுப்பையும் பம்பும் இன்றும் ஐந்து லட்ச ரிங்கிட் காரின் பொருள்தான். புதிதாக வாங்கியவரின் வருமானத்துக்கு ஏற்ப அவற்றின் விலை போடப்பட்டது. அது அவருடைய மாதச் செலவில் ஒரு மூலையில் மறைந்துவிடும். நாம் வாங்கியது அவருடைய கார் மட்டுமே. அவருடைய வருமானம் நம்மிடம் வரவில்லை.

முதுகு நிமிர்வதைப் பற்றிப் பேசினீர்கள். 1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம். பால்மரம் சீவியவர்களும் களை பறித்தவர்களும் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அந்தத் தொழிலாளிகளின் முதுகும் நிமிர்ந்தே இருந்தது. அவர்கள் நட்டது காய்த்தது. இது அப்படி அல்ல.

செம்பனை லாரி

கிராணி ஐயா, எண்ணில் தவறு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். பங்குப் பணம் கட்டியவர்களின் பிள்ளைகள் எல்லாரும் நிலத்திலேயே பணத்தைப் போட வேண்டுமா? ஒரு தலைமுறைக்காவது கொஞ்சம் அனுபவிக்க இடம் கொடுக்கக் கூடாதா?

ஓய்வு பெற்ற கிராணி

கொடுக்கலாம். 1,600 சிசிக்குள் கொடுக்கலாம்.

காப்புறுதி முகவர் (தஞ்சோங் மாலிம்)

யாரும் குறிப்பிடாத விஷயத்தை எழுதுகிறேன். முழுக் காப்புறுதி இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். விபத்து, தீ, திருட்டு ஆகியவற்றுக்குத்தான் அது. கியர்பெட்டி தேய்வது, பம்பு நிற்பது, கணினி கெடுவது எதற்கும் ஒரு சென் வராது. விபத்திலும், கார் பத்து ஆண்டைத் தாண்டியிருந்து, பழைய உதிரிப்பாகத்துக்குப் பதில் புதிதைப் போட்டால், அதன் விலையில் 40 விழுக்காடு வரை உரிமையாளர் தலையில் விழும். ஒரு முன்விளக்கே சில ஆயிரம் ரிங்கிட் ஆகும் காரில் இது சிறிய தொகை அல்ல. கூடுதல் கட்டணம் செலுத்தி அந்தப் பங்கைத் தவிர்க்கும் இணைப்பு கிடைக்கிறதா என்று உங்கள் முகவரிடம் கேளுங்கள். இழுவை லாரிச் சேவை எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதையும் பாருங்கள். தோட்டப் பகுதியில் இருப்பவர்களுக்கு அது முக்கியம்.

பால்மரத்தான்

போமன் ஐயாவிடம் போய்வந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஸ்கேனர் போட்டார். பிறகு கியர்பெட்டியின் கணினியில் தனியாகப் பதிவாகியிருக்கும் ஓட்டத் தூரத்தைக் காட்டினார். மீட்டரில் 138,000, அதில் 211,000-க்கு மேல். இரண்டு பேரும் சிறிது நேரம் பேசவில்லை.

எண்ணெய் கறுப்பாக, கருகிய வாடையோடு வந்தது. அடித்தட்டில் மெல்லிய தூள் இருந்தது, சில்லுகள் இல்லை. தட்டு, எண்ணெய், ரப்பர் வளையம் எல்லாம் மாற்றி, அளவீடுகளை அழித்து, 2,150 ரிங்கிட். உதைப்பு பெரும்பாலும் போய்விட்டது. நெடுநேரம் நெரிசலில் நின்றால் மட்டும் லேசாக ஒரு அசைவு இருக்கிறது. இது இன்னும் ஓராண்டும் ஓடலாம், நான்கு ஆண்டும் ஓடலாம், உத்தரவாதமாகச் சொல்ல மாட்டேன் என்றார். அந்த நேர்மைக்காகவே அவருக்கு நன்றி.

ஆனால் 211,000 என்பது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. வாங்கும்போது மீட்டர் காட்டியதை நம்பித்தான் 52,000 கொடுத்தேன். விற்றவர்கள் வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சான்றிதழைக் காட்டினார்கள்.

ஈப்போ போமன்

உரிமை மாற்றத்துக்கான புஸ்பாகோம் சோதனையைத் தவறாக நினைத்துவிடாதீர்கள். இயந்திர எண்ணும் சட்டக எண்ணும் ஒத்துப்போகின்றனவா, வண்டி அதே வண்டிதானா என்று பார்ப்பதே அதன் முக்கிய வேலை. கியர்பெட்டிக்குள் என்ன இருக்கிறது, மீட்டர் உண்மையா என்பதற்கு அது சான்று அல்ல. விற்பவர்கள் அந்தத் தாளைக் காட்டி வாயை அடைக்கப் பார்ப்பார்கள்.

நுகர்வோர் நண்பர் (தாப்பா)

பால்மரத்தான், இதை விட்டுவிடாதீர்கள். பொருளின் நிலையைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானது. பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை; பொதுவாக அங்கே வழக்கறிஞர்கள் வாதாடவும் முடியாது. காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். நீங்கள் வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறது, ஆகவே காலம் கடத்தாதீர்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: விற்பனை ஒப்பந்தம், ரசீது, மீட்டர் எண்ணை எழுதிய விளம்பரம் அல்லது வாட்ஸ்அப் செய்தி, ஸ்கேனர் அறிக்கையின் அச்சுப்பிரதி, போமனின் கையெழுத்திட்ட கடிதம். அந்த விளம்பரம் இன்னும் இணையத்தில் இருந்தால் இன்றிரவே படம் எடுத்து வையுங்கள். நாளை அது இருக்காது.

பால்மரத்தான்

விளம்பரத்தின் படம் என் தொலைபேசியிலேயே இருக்கிறது. வாங்கும்போது தம்பிக்கு அனுப்பியிருந்தேன். ஒப்பந்தத்தில் மீட்டர் எண்ணும் எழுதியிருக்கிறது. நாளை கோரிக்கையைப் பதிவு செய்கிறேன். எவ்வளவு கேட்பது?

நுகர்வோர் நண்பர்

அதே மாடல், அதே ஆண்டு, உங்கள் கார் உண்மையில் ஓடியிருந்த அளவுக்கு ஓடிய கார் அப்போது என்ன விலைக்குப் போனது என்பதைச் சில விளம்பரங்களோடு காட்டுங்கள். 52,000-க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் அடிப்படைக் கோரிக்கை. கியர்பெட்டிக்குச் செலவழித்ததைத் தனியாகச் சேருங்கள். காற்றுப்பைச் செலவைச் சேர்க்க வேண்டாம்; அது மீட்டர் காட்டிய தூரம் மட்டுமே ஓடிய காரிலும் வரக்கூடியது, சேர்த்தால் மற்ற கோரிக்கையின் பலமும் குறையும்.

தைப்பிங் இளைஞன் (கமுண்டிங்)

அண்ணா, கேட்கத் தயக்கமாக இருக்கிறது. வழக்கு முடிந்த பிறகு காரை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். கியர் எண்ணெய் மாற்றியாகிவிட்டது, பம்பும் காற்றுப்பையும் புதிது. 30,000 என்னால் முடியும். இந்த மாடல் மேல் எனக்குப் பல நாள் ஆசை.

ஆசிரியை அக்கா

கமுண்டிங் தம்பி, இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்களா? கிராணி ஐயாவின் பதிவை மறுபடி படியுங்கள். திருமணம் ஆகிவிட்டதா? வீட்டில் கேட்டீர்களா?

தைப்பிங் இளைஞன்

படித்தேன் அக்கா. திருமணம் ஆகவில்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அன்றாட வேலைக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கார் பழுதுபார்க்க நானே கற்றுக்கொண்டிருக்கிறேன். தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வாகனப் பிரிவில்தான் படித்தேன். கூலி மிச்சம், பொருளுக்கு மட்டும் செலவு.

ஓய்வு பெற்ற கிராணி

கூலி இல்லை என்றால் கணக்கு மாறும். சாலை வரி மாறாது. காப்புறுதியும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு என்று முதலில் கேட்டு எழுதி வையுங்கள் தம்பி. இளம் ஓட்டுநருக்கு, முந்தைய சலுகை ஏதும் இல்லாமல், தொகை உங்களைத் திடுக்கிடச் செய்யும். கோரல் இல்லாத தள்ளுபடி முதல் ஆண்டு முடிந்தால் 25 விழுக்காட்டில்தான் தொடங்கும்; 55-க்கு வர ஐந்து ஆண்டு ஆகும்.

பால்மரத்தான்

விற்கிறேன். நேற்றிரவு வீட்டில் பேசி முடிவு செய்தோம். அப்பாவிடமும் சொன்னேன். ‘இத்தனை நாள் ஏறியாகிவிட்டதே, போதாதா?’ என்று கேட்டார். மனைவியின் சாகாவைக் கொடுத்துவிட்டு, அவள் பெயரில் புதிதாக ஒரு சிறிய கார் எடுக்கிறோம். அப்பாவின் மருத்துவமனைப் பயணத்துக்கு நம்பிக்கையான வண்டி வேண்டும். நடுவர் மன்றம் முடியும்வரை இந்தக் காரை விற்க மாட்டேன். சான்று கையில் இருக்க வேண்டும்.

கமுண்டிங் தம்பி, நீங்கள் வாங்குவதாக இருந்தால் என் நிபந்தனை: 211,000 என்பதை ஒப்பந்தத்தில் எழுதித்தான் கொடுப்பேன். நெரிசலில் வரும் அந்த அசைவையும் எழுதுவேன். செய்த வேலைகளின் ரசீது எல்லாம் தருகிறேன். போமன் ஐயா பார்க்காமல் நீங்கள் முன்பணம் கொடுக்கக் கூடாது. சோதனைச் செலவு என்னுடையது.

தைப்பிங் இளைஞன்

சரி அண்ணா. எப்போது என்றாலும் வருகிறேன்.

செம்பனை லாரி

பால்மரத்தான் தம்பி, மீட்டரை உண்மையாக எழுதி விற்கிறேன் என்றீர்களே, அதற்கு என் வணக்கம்.

ஈப்போ போமன்

வழக்கு முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு காரை என் பட்டறையில் விட்டுவிடுங்கள். ஓட்டிக்கொண்டு வந்த சூட்டில் சோதித்துப் பயனில்லை. இரவு முழுவதும் நிற்கட்டும். பின்பக்கம் இறங்குகிறதா என்று காலையில் தெரிந்துவிடும். சனிக்கிழமை இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது நானே கிளப்புகிறேன். அதற்கு முன் யாரும் சாவியைத் தொடக் கூடாது. புகை, இயந்திரச் சத்தம், கூலண்ட் அளவு எல்லாவற்றையும் கமுண்டிங் தம்பி பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பிறகு மூவரும் மெனோரா ஏறி இறங்கி, ஈப்போ நகர நெரிசலில் அரை மணி நேரம் நின்று வருவோம். தம்பி, உங்களிடம் ஸ்கேனர் இருந்தால் கொண்டுவாருங்கள். என்னுடையதில் வரும் எண்ணும் உங்களுடையதில் வரும் எண்ணும் ஒன்றா என்று பார்க்கலாம்.